பிராவின்ஸ்டவுன்: கோடை வகுப்பும் குளிர்கால வாடகையும்

ஓவியர்களுக்கான கோடைப் பட்டறைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் யார் கற்றுக்கொடுத்தார், யார் யார் வந்தார்கள், என்ன படம் வந்தது என்று விவரமாக எழுதுவார்கள். வகுப்பு முடிந்து எல்லோரும் பெட்டியைக் கட்டிய பிறகு அந்த ஊரில் மிச்சம் இருந்தது யார் என்று மட்டும் கேட்பதில்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், கேப் காட் தீபகற்பத்தின் நுனியில் இருக்கிற பிராவின்ஸ்டவுனை எடுத்துக்கொண்டு இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம். 1899இல் தொடங்கிய கோடை வகுப்புகள் ஆசிரியர் மாறி, பள்ளி மாறி, இன்றும் அங்கே நடக்கின்றன. வெளிச்சத்தைப் பார்க்கக் கற்றுத்தரும் ஒரு முறையும், அரூப ஓவியத்துக்குள் ஒரு தலைமுறையையே இழுத்துவந்த இன்னொரு முறையும் அங்கே செழித்தன. ஒற்றைக் கட்டையில் பல நிறம் அச்சடிக்கும் மரச்செதுக்கு முறை ஒன்று அந்த ஊரின் பெயராலேயே அறியப்படுகிறது.

என் கட்சி இதுதான்: ஆட்களைக் கூட்டியது கோடை, வேலையைச் செய்தது குளிர்காலம். வாடகை மலிவாக இருந்த வரை இரண்டும் தானாகவே சேர்ந்து ஓடின. வாடகை ஏறியதும், தானாக நடந்துகொண்டிருந்ததை ஓவியர்களே கூடி ஒரு நிறுவனமாகக் கட்ட வேண்டிவந்தது.

புயலுக்குப் பின் காலியான கொட்டகைகள்

பிராவின்ஸ்டவுன் மீன்பிடி ஊர். அட்லாண்டிக்குக்குள் கொக்கியாக வளைந்து போகும் மணல்திட்டு. எந்தத் தெருவில் நின்றாலும் தண்ணீர் தொலைவில் இல்லை. மணலிலும் நீரிலும் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தைப் பற்றி அங்கே போன ஓவியர்கள் எல்லோரும் புகழ்ந்து சொல்லியிருக்கிறார்கள். அதை நம்பலாம். ஆனால் வெளிச்சம் மட்டும் ஓவியர்களைக் கொண்டுவந்து சேர்ப்பதில்லை. 1873இல் ரயில் அந்த நுனிவரை வந்தது. நியூயார்க்கிலிருந்தும் பாஸ்டனிலிருந்தும் கித்தான் சுருளோடு ஒருவர் ஏறி இறங்க முடிந்தது.

அடுத்த காரணம் பொருளாதாரம். திமிங்கில வேட்டையும் உப்புமீன் வியாபாரமும் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இறங்குமுகத்தில் இருந்தன. 1898 நவம்பர் இறுதியில் ஒரு பெரும்புயல் அடித்தது. அதில் மூழ்கிய போர்ட்லாண்ட் என்ற நீராவிக் கப்பலின் பெயரைச் சொல்லித்தான் அந்தப் புயலை இன்றும் குறிப்பிடுகிறார்கள். கடலுக்குள் நீண்டிருந்த மரத்துறைகள் பல நொறுங்கின. ஏற்கெனவே நொடித்திருந்த வியாபாரிகளில் பலர் அவற்றைத் திரும்பக் கட்டவில்லை. பாய்மரத் துணி தைக்கிற மாடிகள், மீன் உலர்த்துகிற கொட்டகைகள், கரைமேல் ஒதுங்கிய கிடங்குகள் என்று உயர்ந்த கூரையும் பெரிய கதவும் கொண்ட இடங்கள் சும்மா கிடந்தன. அசோர்ஸ் தீவுகளிலிருந்து வந்து குடியேறிய போர்த்துகீசிய மீனவக் குடும்பங்களுக்கு ஓர் அறையை வாடகைக்கு விட்டு வரும் காசு உதவியாக இருந்தது.

அடுத்த கோடையில் சார்லஸ் ஹாதோர்ன் அங்கே பள்ளி திறந்தார். கேப் காட் ஓவியப் பள்ளி என்று பெயர். வயது 27.

பட்டித் தகடு

ஹாதோர்ன் புதிதாக எதையும் கண்டுபிடித்துக்கொண்டு வரவில்லை. லாங் ஐலண்டின் ஷினெகாக் குன்றுகளில் வில்லியம் மெரிட் சேஸ் 1891 முதல் 1902 வரை நடத்திய கோடைப் பள்ளியில் அவர் மாணவர், பிறகு உதவியாளர். திறந்தவெளியில் வரைவது, வாரம் ஒருமுறை எல்லோர் படங்களையும் ஒரே இடத்தில் சாய்த்து வைத்துப் பேசுவது என்ற இரண்டு வழக்கங்களும் அங்கிருந்து வந்தவை. அவர் தன் பங்காகச் செய்தது மாணவர் கையிலிருந்து ஒன்றைப் பிடுங்கிக்கொண்டதுதான்.

கடற்கரையில் அல்லது துறையின் ஓரத்தில் மாடல் ஒருவரை, பெரும்பாலும் உள்ளூர்ப் பிள்ளை ஒருவனை, சூரியனுக்கு முதுகு காட்டி உட்கார வைப்பார். தலையில் அகலத் தொப்பி. முகம் முழுக்க நிழலில் இருக்கும். பின்னால் கண்ணைக் கூசும் கடலும் மணலும். மாணவர்கள் கையில் தூரிகை கிடையாது. சுவருக்குப் பட்டி பார்க்கிற தகடுதான். அந்தத் தகட்டை வைத்துக்கொண்டு கண்ணிமையோ மூக்குத்துவாரமோ வரைய முடியாது. நிழலில் இருக்கிற கன்னம் என்ன நிறம், அதை ஒட்டி வெயில் படுகிற தோள் என்ன நிறம், இரண்டும் சந்திக்கிற இடத்தில் எது எதைத் தள்ளுகிறது என்பதை மட்டும் வைக்கலாம். அப்படி வந்த படங்களில் மூக்கும் வாயும் இல்லாத மண்ணிறத் தலைகள் இருந்ததால் அவற்றுக்கு மட்ஹெட் என்ற பட்டப்பெயர் வந்தது.

இதை நான் முக்கியமாகக் கருதுவதற்குக் காரணம் உண்டு. கோடை வகுப்புக்கு வருகிறவர்கள் ஒரே தரத்தில் இருப்பதில்லை. ஒருவர் பள்ளியில் டிராயிங் டீச்சர். இன்னொருவர் பாரிஸில் படித்தவர். மூன்றாமவர் பொழுதுபோக்காக வந்தவர். சில வாரங்களில் இவர்கள் எல்லோருக்கும் உருவம் வரையக் கற்றுத்தர முடியாது. கோடு போடத் தெரிந்தவர் கோட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார், தெரியாதவர் கூச்சத்தில் உறைந்துபோவார். தகட்டைக் கையில் கொடுத்ததும் இருவரும் ஒரே இடத்திலிருந்து தொடங்க வேண்டியதாகிறது. குறுகிய கால வகுப்பில் பலர் செய்கிற தவறு எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் பரிமாறுவது. ஹாதோர்ன் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எல்லாம் கதவுக்கு வெளியே நிறுத்தினார்.

சனிக்கிழமை காலையில் விமர்சனம். வாரம் முழுக்க வரைந்தவற்றைக் கொண்டுவந்து ஒன்றன்பின் ஒன்றாகச் சட்டத்தில் வைப்பார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்கள் சேர்ந்த ஆண்டுகளில் அந்தக் காலைப்பொழுது எவ்வளவு நீண்டிருக்கும் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். தன் படத்தைப் பற்றிக் கேட்டது இரண்டு வாக்கியம் என்றாலும், அடுத்தவர் படங்களைப் பற்றிக் கேட்டது இருநூறு. பெரிய வகுப்பை இழப்பு இல்லாமல் நடத்த எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

இந்த மாணவர்களில் பலர் செப்டம்பரில் கிளம்பிவிட்டார்கள். சிலர் கிளம்பவில்லை. எட்வின் டிக்கின்சன் 1912இல் ஹாதோர்னிடம் கோடை மாணவராக வந்தவர். அடுத்த ஆண்டிலிருந்து, போர்க்கால கடற்படைப் பணியும் ஐரோப்பியப் பயணங்களும் போக, 1937 வரை பெரும்பாலும் அந்த ஊரிலேயே ஆண்டு முழுக்க வாழ்ந்தார். வறுமையான வாழ்க்கைதான். உள்ளூர் மர வியாபாரி பிராங்க் டேஸ் 1914இல் தன் மரக்கடையின் மேல்மாடியில் வடக்கு வெளிச்சம் விழும் ஸ்டுடியோக்களைக் கட்டி ஓவியர்களுக்கு விட்டார். ஹாதோர்ன், டிக்கின்சன், பின்னாளில் அந்த ஊரில் பள்ளி நடத்திய ஹாஃப்மன் என்று பலர் அங்கே இருந்து வேலை செய்தார்கள். அந்தக் கட்டடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு மறுபடி வரும்.

பாரிஸ் மூடியதும்

1914இல் ஐரோப்பாவில் போர் மூண்டது. பாரிஸில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த அமெரிக்க ஓவியர்கள் கப்பலேறித் திரும்பினார்கள். பாரிஸ் இல்லை என்றால் எங்கே போவது? நியூயார்க்கில் கோடை வெக்கை தாங்காது. சொல்லிவைத்தாற்போல எல்லோரும் பிராவின்ஸ்டவுனுக்கு வந்தார்கள். அதே 1914இல் ஓவியர் சங்கம் ஒன்று உருவானது. 1916 ஆகஸ்டில் பாஸ்டன் குளோப் நாளிதழ் உலகத்திலேயே பெரிய ஓவியர் குடியிருப்பு அதுதான் என்று தலைப்புப் போட்டது. செய்தித்தாள் தலைப்புக்கு உரிய மிகைப்படுத்தல் அதில் உண்டு. ஆனாலும் அந்த ஊருக்கு அந்தக் கோடையில் வேறு போட்டி ஊர் இல்லை.

திரும்பியவர்களில் எதெல் மார்ஸ், மாட் ஸ்குவயர், ஏடா கில்மோர், மில்ட்ரெட் மெக்மில்லன் இருந்தார்கள். எதெல் மார்ஸ் பாரிஸில் வண்ண மரச்செதுக்கு அச்சு செய்தவர். கில்மோரும் மெக்மில்லனும் அவரிடம் கற்றவர்கள். ஜூலியட் நிக்கல்ஸும் இவர்களோடு சேர்ந்துகொண்டார். ஸ்வீடனில் பிறந்து சிகாகோவில் வளர்ந்த பி.ஜே.ஓ. நோர்ட்ஃபெல்ட் இன்னொருவர். அவர் 1900 வாக்கில் இங்கிலாந்தில் பிராங்க் மோர்லி பிளெட்சரிடம் ஜப்பானிய முறை மரச்செதுக்கைக் கற்றிருந்தார். இவர்கள் 1915 கோடை முடிந்ததும் ஊரைவிட்டுப் போகவில்லை. 1915-16 குளிர்காலத்தில் அங்கேயே தங்கி வேலை செய்தார்கள்.

ஜப்பானிய முறையில் நிறத்துக்கு ஒரு கட்டை. ஐந்து நிறம் என்றால் ஐந்து பலகை செதுக்க வேண்டும். கோட்டுக்குத் தனியாக இன்னொன்று. காகிதம் ஒவ்வொரு பலகையிலும் இம்மி பிசகாமல் அதே இடத்தில் உட்கார வேண்டும். அதற்காக ஓரத்தில் கென்டோ என்ற காடியை வெட்டி வைப்பார்கள். ஜப்பானில் வரைகிறவர் ஒருவர், செதுக்குகிறவர் ஒருவர், அச்சடிக்கிறவர் ஒருவர் என்று தொழில் பிரிந்திருந்தது. தானே வரைந்து, தானே செதுக்கி, தானே அச்சடிக்கிற மேற்கத்திய ஓவியருக்கு இது முதுகை ஒடிக்கிற வேலை. நிறத்தைப் பார்ப்பதற்கு முன்பே வாரக்கணக்கில் மரத்தைச் செதுக்கிக்கொண்டிருக்க வேண்டும்.

நோர்ட்ஃபெல்டுக்கு இந்தப் பொறுமை இல்லை என்று ஏடா கில்மோர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். இத்தனை கட்டை செதுக்கி முடித்த பிறகுதான் மனதில் இருப்பதைப் பார்க்க முடியும் என்பது அவருக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் ஒரே ஒரு கட்டையைக் கொண்டுவந்து காட்டினார். முழுப் படமும் அதிலேயே இருந்தது. ஒரு நிறத்துக்கும் அடுத்த நிறத்துக்கும் நடுவில் ஒரு சின்னப் பள்ளம்.

கரண்டியின் முதுகு

செய்முறையைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். அந்த ஊரின் நிலைமை அத்தனையும் இந்தச் செய்முறைக்குள் இருக்கிறது.

வழவழப்பாக இழைத்த மென்மரப் பலகை ஒன்று வேண்டும். அதில் பென்சிலால் படம். ஒவ்வொரு பென்சில் கோட்டின் மேலும் கத்தியை ஒருமுறை இடப்பக்கம் சாய்த்தும் ஒருமுறை வலப்பக்கம் சாய்த்தும் இழுத்தால் மெல்லிய மரச்சுருள் கழன்று வந்து ஒரு குறுகிய வாய்க்கால் விழும். வேறு எதையும் செதுக்குவதில்லை. பிறகு காகிதத்தைப் பலகையின் மேலோரத்தில் குண்டூசி வைத்து அடித்துவிடுவார்கள். புத்தகத்தின் அட்டையைப் போல அது திறந்து மூடும், இடம் மாறாது. கென்டோவுக்கு வேலையே இல்லை.

இப்போது ஒரு வடிவத்துக்கு மட்டும், ஒரு கூரை என்று வைத்துக்கொள்வோம், தூரிகையால் நீர்வண்ணம் பூசு. காகிதத்தை மூடு. கரண்டியின் முதுகால் அந்த இடத்தை மட்டும் தேய். தூக்கிப் பார். நிறம் வெளிறியிருந்தால் மறுபடி பூசித் தேய்க்கலாம். மேலே வேறு நிறமும் ஏற்றலாம். அடுத்து கூரைக்குப் பக்கத்து வானம். இப்படியே ஒவ்வொரு துண்டாக. பள்ளத்தில் வண்ணம் படாததால் காகிதத்தின் வெள்ளை அங்கே கோடாக நின்றுவிடும். வெள்ளைக்கோட்டு அச்சு என்று அழைப்பது இதனால்தான். மரத்தின் ரேகையும் வண்ணத்தினூடே மெல்லத் தெரியும்.

சென்னையில் மே மாதத்தில் இதைச் செய்து பார்த்தால் முதல் தொல்லை வண்ணம் பலகையிலேயே காய்ந்துபோவது. ஃபேனை நிறுத்திவிட்டுக் காகிதத்தை முன்கூட்டியே லேசாக ஈரமாக்கி வைத்துக்கொண்டு, வண்ணத்தில் ஒரு சொட்டு கிளிசரின் சேர்த்து, படத்தைச் சின்னச் சின்ன வடிவங்களாகப் பிரித்துக்கொண்டால் சமாளிக்கலாம். உள்ளங்கை அகலத்துக்கு மேல் ஒரு வடிவம் போனால் முதல் ஓரத்தைத் தேய்ப்பதற்குள் கடைசி ஓரம் உலர்ந்துவிடும். தூக்கிப் பார்க்கிற அந்த ஒரு கணத்துக்காக வியர்வையைப் பொறுத்துக்கொள்ளலாம். அச்சில் வழக்கமாக இல்லாத ஒரு வசதி இது: பாதியில் மனம் மாறலாம்.

ஒரு பிரதி முடிய அரைநாளோ அதற்கு மேலோ ஆகும். அடுத்த பிரதியில் கூரை நீலமாகவும் இருக்கலாம். பதிப்பு என்று சொல்லி ஐம்பது ஒரேமாதிரிப் பிரதி எடுக்கிற பேச்சுக்கே இடமில்லை. வியாபார நோக்கில் பார்த்தால் இது அச்சின் முழு லாபத்தையும் தொலைத்துவிட்ட முறை. ஆனால் வாடகைக்குப் பிடித்த மீன் கொட்டகையில், பிரெஸ் இல்லாமல், வண்ணப்பெட்டியும் சமையலறைக் கரண்டியும் மட்டும் வைத்திருக்கிற ஓர் ஓவியருக்கு இதைவிடப் பொருத்தமான முறை கிடையாது. ஹாதோர்ன் தூரிகையைப் பிடுங்கியதுபோல, இங்கே நான்கு கட்டைகளும் ஓர் இயந்திரமும் பிடுங்கப்பட்டுவிட்டன. பிடுங்கியது ஆசிரியர் அல்ல. ஓர் ஆளின் பொறுமையின்மையும், வேலையில்லாத ஊரின் நீண்ட குளிர்காலமும்.

இதுபோன்ற விஷயம் ஜூலையில், வகுப்பு நடக்கிற நேரத்தில், நடந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. கோடை வகுப்பில் சனிக்கிழமைக்குள் காட்ட ஏதாவது இருக்க வேண்டும். செய்கிற முறையையே கலைத்துப் போட்டுவிட்டு வேறுமாதிரி யோசிக்க, யாரும் எதுவும் கேட்காத காலம் வேண்டும். பக்கத்து அறையில் அதே வேலையில் இருக்கிற நான்கைந்து பேர் புரிந்துகொண்டு பார்க்கவும் வேண்டும்.

கண்டுபிடித்தவர் போனார், கற்றவர் இருந்தார்

நோர்ட்ஃபெல்ட் வெள்ளைக்கோட்டு அச்சுகளைக் கொஞ்ச காலமே செய்தார். 1918இல் நியூ மெக்சிகோவின் சாண்டா ஃபே பக்கம் போய்விட்டார்; பிறகு அவர் பெயர் வாங்கியது ஓவியத்திலும் செதுக்குத்தகட்டு அச்சிலும். முறை நிலைத்தது பிளாஞ்ச் லசெல் என்ற பெண்மணியால்.

லசெல் 1878இல் மேற்கு வர்ஜீனியாவில் பண்ணைக் குடும்பத்தில் பிறந்தவர். இளம் வயதிலிருந்தே காது சரியாகக் கேட்காது. 1905இல் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் பட்டம், 1912-13இல் பாரிஸ். 1915 கோடையில் ஹாதோர்னின் வகுப்பில் சேர பிராவின்ஸ்டவுன் வந்தார். அடுத்த ஆண்டு ஓவியர் ஆலிவர் சாஃபியிடம் வெள்ளைக்கோட்டு முறையைக் கற்றார். 1918இல் திரும்பி வந்து துறைமேல் இருந்த பழைய மீன் கொட்டகை ஒன்றை ஸ்டுடியோவாக்கிக்கொண்டார். சுற்றிலும் தொட்டிகளிலும் பெட்டிகளிலும் பூச்செடி வளர்த்தார். பெட்யூனியாக்கள் அவருடைய அச்சுகளில் திரும்பத் திரும்ப வருகின்றன. அதே 1918இல் பிராவின்ஸ்டவுன் பிரிண்டர்ஸ் என்ற குழு அமைந்தபோது அதில் உறுப்பினரானார். குழுவில் பெரும்பாலோர் பெண்கள்.

வெள்ளைக்கோட்டு அச்சுகளில் பாதிக்கு மேல் அழகான தபாலட்டைகள் என்றுதான் சொல்வேன். வளைந்த தெரு, வெள்ளை வீடு, பாய்மரம், பூ. வெள்ளைக் கோடு எல்லாவற்றையும் ஒரே சுதிக்குக் கொண்டுவந்துவிடுகிறது. படம் மோசமாக இருந்தாலும் ஒழுங்காக இருப்பதுபோல் காட்டுகிறது. லசெல் இந்த வசதியை எதிர்த்துப் போனவர். தன் சொந்த ஊர்ப்பக்கத்து ஆற்றை வைத்து அவர் 1919இல் செய்த ‘மொனாங்கஹேலா’ அச்சில் கோடு வீட்டுக்கும் மலைக்கும் வேலியாக நிற்பதில்லை. தளங்களை முன்னுக்கும் பின்னுக்கும் தள்ளுகிறது. 1923இல் மறுபடி பாரிஸ் போய் நவீன ஓவியர்களான லெஜே, கிளெய்ஸ், லோட் மூவரிடமும் பயின்றார். அதன்பிறகு கோடும் தளமும் மட்டுமே உள்ள அரூப அச்சுகளையும் செய்தார். ஊர்ச் சங்கத்தில் பழைய பாணிக்காரர்களும் நவீனர்களும் முட்டிக்கொண்டு 1927 முதல் 1937 வரை கோடையில் தனித்தனிக் கண்காட்சி வைத்தபோது அவர் நவீனர் பக்கம்.

அவருடைய பதிவேடு எனக்குப் பிடித்த விஷயம். கட்டைக்கு ஓர் எண், அந்தக் கட்டையிலிருந்து எடுத்த பிரதிக்கு ஓர் எண் என்று குறித்து வைத்தார். ஏறத்தாழ 40 ஆண்டுகளில் 130க்கு மேற்பட்ட கட்டைகள். ஒரு கட்டையிலிருந்து பெரும்பாலும் சில பிரதிகளே. அவையும் நிறத்தில் ஒன்றுக்கொன்று வேறு. கோடையில் தன் ஸ்டுடியோவிலேயே ஓவியமும் மரச்செதுக்கும் கற்றுத்தந்தார். குளிர்காலங்களில் சில சமயம் சொந்த ஊருக்குப் போவதுண்டு. பெருமந்தத்தின்போது, 1934இல், அரசின் கலைத் திட்டத்தில் மேற்கு வர்ஜீனியாவின் மார்கன்டவுன் நகரக் காட்சிகளை அச்சாக்கி வருமானம் பார்த்தார். இரண்டு ஊரிலும் ஒரே முறையில் வேலை நடந்ததற்குக் காரணம், அவருடைய அச்சகம் என்பதே ஒரு பையில் அடங்கியதுதான்.

கிழிக்கிற ஆசிரியர்

ஹாதோர்ன் 1930இல் இறந்தார். அவர் முறையை மாணவர் ஹென்றி ஹென்ஷே தன் பள்ளியில் பல பத்தாண்டுகள் தொடர்ந்தார். மியூனிக்கில் 1915 முதல் ஓவியப் பள்ளி நடத்திவந்து அமெரிக்காவுக்கு இடம்பெயர்ந்த ஹான்ஸ் ஹாஃப்மன் 1930களின் நடுவில் பிராவின்ஸ்டவுனில் கோடைப் பள்ளி தொடங்கினார். தொடக்கக் காலத்தில் அவர் வகுப்பு நடத்தியது குன்றின்மேல் இருந்த ஹாதோர்னின் பழைய ஸ்டுடியோவில்தான். இடம் அதேதான், பாடம் நேர்மாறு. ஹாதோர்ன் ஆட்களைக் கரைக்கு ஓட்டிப்போனார்; இவர் உள்ளே உட்காரவைத்து மாடலைச் சுற்றியுள்ள வெற்றிடத்தைக் கரித்துண்டால் வரையச் சொன்னார். நிறம் ஒன்றையொன்று தள்ளுவதும் இழுப்பதுமாகத் தட்டையான பரப்புக்குள் ஆழம் உண்டாக்கும் என்பது அவர் பாடம்.

மாணவர் வரைந்த படத்தின் மேலேயே திருத்திக் கோடு போடுவார். சில சமயம் தாளை நாலாகக் கிழித்து, துண்டுகளை இடம் மாற்றிப் பலகையில் குத்திவைத்து, இப்போது பார் என்பார். அடிபட்டதுபோல் இருந்திருக்கும். ஆனால் படத்தின் பிழை எங்கே என்பதை வாயால் விளக்கியிருந்தால் ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். அவருடைய ஆங்கிலத்தில் இன்னும் கூடவே. இதுவும் ஒருவகைப் பிடுங்கல்தான்: செய்து முடித்ததன் மீதுள்ள பிரியத்தைப் பிடுங்குவது. எல்லா ஆசிரியரும் இதைச் செய்யலாமா என்றால், கூடாது என்றே சொல்வேன். ஹாஃப்மனிடம் கிழித்த பிறகு ஒட்டத் தெரிந்த கை இருந்தது. அதில்லாமல் கிழிப்பது வெறும் ஆணவம்.

1937இல் அந்த வகுப்பில் வந்து சேர்ந்தவர்களில் லசெல் ஒருவர். வயது 58, ஆசிரியரைவிட ஒன்றரை வயது மூத்தவர், அதற்குள் அந்த ஊரில் இருபதாண்டு ஸ்டுடியோ நடத்தியவர். கோடை வகுப்பு தொடக்கநிலையாளர்களுக்கு என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்கலாம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, ராணுவத்திலிருந்து திரும்பியவர்களின் படிப்புச் செலவை அமெரிக்க அரசு ஏற்றது. ஹாஃப்மன் பள்ளியில் சேர்ந்தவர்களில் பலர் அந்தப் பணத்தில் படித்தவர்கள். வுல்ஃப் கான், லாரி ரிவர்ஸ் போன்றவர்கள் இந்த அலையில் வந்தார்கள். ஹெலன் ஃபிராங்கன்தாலர் 1950 கோடையில் சில வாரங்கள் அவருடைய வகுப்பில் இருந்தார். 1958இல், 78 வயதில், தன் ஓவியத்துக்கு நேரம் வேண்டும் என்று ஹாஃப்மன் பள்ளிகளை மூடினார்.

அறை கிடைக்காத ஊர்

கெடுதல் வேறு பக்கத்திலிருந்து வந்தது. ஓவியர்கள் இருந்ததாலேயே ஊருக்குப் பெயர், பெயரால் சுற்றுலா, சுற்றுலாவால் வாடகை. 1961இல் கேப் காட் தேசியக் கடற்கரை அறிவிக்கப்பட்டபோது ஊரின் நிலத்தில் பெரும்பகுதி பாதுகாப்புக்குள் போனது. மணற்குன்றுகள் தப்பின, ஆனால் வீடு கட்ட மிஞ்சிய இடம் சுருங்கியது. கோடையில் வாரக்கணக்கில் விட்டாலே நல்ல காசு வருகிற வீட்டை யாரும் ஓர் இளம் ஓவியருக்கு அக்டோபரில் மலிவாக விடப்போவதில்லை. கோடை வகுப்புக்கு ஆள் வருவது நிற்கவில்லை. வந்தவர் தங்குவது நின்றது. மூத்த ஓவியர்கள் இருந்தார்கள், அவர்களுக்கு அடுத்த தலைமுறை அங்கே வேர்விடவில்லை.

1968இல் ராபர்ட் மதர்வெல், ஜாக் டுவார்கோவ், ஃபிரிட்ஸ் பல்ட்மன், மைரன் ஸ்டவுட் போன்ற ஓவியர்களும், ஸ்டான்லி குனிட்ஸ் உள்ளிட்ட எழுத்தாளர்களும் சேர்ந்து நுண்கலைப் பணி மையம் ஒன்றை ஏற்படுத்தினார்கள். பள்ளி என்று பெயர் வைக்கவில்லை. ஆசிரியரும் பாடமும் அதன் மையத்தில் இல்லை. அது தருவது குளிர்காலத்தை. அக்டோபர் முதல் ஏப்ரல் வரை 7 மாதம், 20 பேருக்கு, 10 ஓவியர், 10 எழுத்தாளர், தங்க அறையும் வேலை செய்ய இடமும் கொஞ்சம் கைச்செலவுப் பணமும். என்ன செய்தாய் என்று கேட்பதில்லை. 1972இல் மையம் குடியேறிய இடம் டேஸின் பழைய மரக்கடை.

1915இல் போரும், நொடித்துப்போன மீன் வியாபாரமும், காலிக் கொட்டகைகளும் சேர்ந்து தற்செயலாக உண்டாக்கிய நிலைமையை 1968இல் நிதி திரட்டிச் செயற்கையாக உண்டாக்க வேண்டியிருந்தது. அது வெற்றியா என்றால், அங்கே தங்கிப் போனவர்களின் பட்டியலைப் பார்த்தால் வெற்றிதான். ஆனால் 7 மாதம் முடிந்ததும் அவர்களும் கிளம்ப வேண்டும். டிக்கின்சனைப் போல வந்த ஊரிலேயே வேர்விட அது வழி செய்யவில்லை. ஊரின் வீட்டு விலையைத் திருத்த ஒரு கலை நிறுவனத்தால் முடியாது.

அதே மையம் கோடையில் ஒருவாரப் பட்டறைகளை நடத்துகிறது. ஓவியம், அச்சு, எழுத்து. கட்டணம் உண்டு. ஊர்ச் சங்கத்தின் அருங்காட்சியகமும் வகுப்புகள் நடத்துகிறது. வெள்ளைக்கோட்டு அச்சு அந்த ஊரில் இன்றும் கற்பிக்கப்படுகிறது. லசெல் 1956இல் இறப்பதற்குச் சில ஆண்டுகள் முன்பு அவரிடம் கற்றவர்களில் ஃபெரோல் வார்தன் என்ற ஒஹையோ ஓவியரும் ஒருவர். அவர் தன் பேத்திக்குக் கற்றுக்கொடுத்தார், பேத்தி மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்.

ஒரு வாரத்தில் என்ன வரும்? இந்த முறையில் கணக்கு எளிது. இரண்டு நாள் செதுக்கினால் சிறிய கட்டை ஒன்று தயார். மிச்ச நாளில் இரண்டோ மூன்றோ பிரதி. முதல் பிரதியில் நிறம் கலங்கியிருக்கும், மூன்றாவதில் கொஞ்சம் தெளியும். லித்தோகிராஃபி என்ற கல்லச்சோ எட்சிங் என்ற தகட்டச்சோ கற்ற மாணவர் ஊர் திரும்பியதும் பிரெஸ் எங்கே கிடைக்கும் என்று அலைய வேண்டும். இவர் கட்டையைப் பெட்டியில் வைத்துக்கொண்டு போய், நாலாவது பிரதியைத் தன் வீட்டுச் சமையலறை மேசையில், நவம்பரிலோ டிசம்பரிலோ, எடுத்துக்கொள்ளலாம்.